காற்றுப் படகு மோட்டார் ஸ்டாண்டு: எங்கே ஆடுகிறது, ஏன் ஆடுகிறது

ஒன்பதடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரு பிவிசி காற்றுப் படகு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், சின்னப் படகைத் தள்ளும் ட்ரோலிங் மோட்டார், 30 பவுண்டு தள்ளுவிசை. படகில் பின்பலகை கிடையாது. மோட்டாரின் கிளாம்ப் கடித்துப் பிடிக்கக் கெட்டியாக ஏதாவது வேண்டும். படகிலோ கெட்டியாக ஒன்றுமே இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஏரியை மாமா மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். தினமும் தீவனம் போடத் துடுப்பு வலித்து வலித்துத் தோள்பட்டை கழன்றது. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். வெல்டிங் பட்டறை அண்ணனிடம் படம் வரைந்து காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மோட்டார ஸ்டாண்டுல கட்டுவ, சரி. ஸ்டாண்ட எதுல கட்டுவ தம்பி, காத்துலயா?"

அப்போது சிரித்தேன். பிறகு வந்த கோளாறுகளில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

முதலில் ஸ்டாண்டின் அமைப்பு. படகுக்குக் குறுக்கே இரண்டு பைப், காற்றடைத்த இரண்டு பக்க ட்யூபின் மேலும் படிகிற மாதிரி, நாலடி நீளம். அவற்றின் மேல் நெடுக்கே இரண்டு பைப், ஓரடி இடைவெளியில். இந்த இரண்டும் பின் ட்யூபைத் தாண்டி ஒரு அடி வெளியே நீளும். அந்த முனையில் செங்குத்தாக ஒரு பலகை. மோட்டார் கிளாம்ப் அந்தப் பலகையைக் கடிக்கும். உடைந்த ஏணித் துண்டின் கடைசியில் பலகை அடித்த மாதிரி இருக்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான். உங்களுடையது வேறு மாதிரி இருந்தாலும் கோளாறின் குணம் மாறாது.

ஸ்விட்சைத் திருப்பியதும் மோட்டார் தலை பின்னால் சாய்கிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டக் கூட்ட மோட்டாரின் தலை நம்மை விட்டுப் பின்னால் போகும், தண்ணீருக்குள் விசிறி படகுக்கு அடியில் நுழையப் பார்க்கும். குறுக்குப் பைப்புகளில் முன்னால் இருப்பது ட்யூபை விட்டு எழும்பும். கையை வைத்து அமுக்கினால் படியும், கையை எடுத்தால் மறுபடி எழும்பும்.

பலகையில் ஆணி போதவில்லை, கிளாம்ப் சரியாக முறுக்கவில்லை என்றெல்லாம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. அந்த விசை விழுவது விசிறியில். விசிறி இருப்பது ஸ்டாண்டுக்கு இரண்டடி கீழே. அதாவது இரண்டடிக் கடப்பாரையின் நுனியில் பதினாலு கிலோ தொங்கவிட்டு நெம்புகிறீர்கள். என் முதல் ஸ்டாண்டில் இரண்டு குறுக்குப் பைப்புக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருந்தது. இரண்டடி நெம்புகோலை ஒன்றரை அடிப் பிடியால் தாங்க வேண்டும் என்றால், முன் பைப்பைச் சுமார் 18 கிலோ விசை மேலே தூக்கும். ஒன்பது கிலோ மோட்டார் பின்னால் தொங்குகிறதல்லவா, அதன் கனமும் அதே திசையில்தான் நெம்பும். அதற்கு இன்னொரு ஆறு கிலோ. மொத்தம் ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி அந்த முன் பைப்பைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. நான் அதைக் கட்டியிருந்தது துணி காயப்போடும் நைலான் கயிற்றால்.

தீர்வு இரண்டு. ஒன்று, குறுக்குப் பைப்புகளைத் தள்ளி வையுங்கள். இடைவெளியை இரண்டரை அடி ஆக்கியதும் தூக்கும் விசை பதினைந்து கிலோவுக்குள் வந்துவிட்டது. ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது ஒன்றுதான். இரண்டு, முன் பைப்பைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். எதில் கட்டுவது என்பது தனிக் கதை, கீழே வருகிறது.

இன்னொன்று. ரிவர்ஸ் போட்டால் எல்லாம் தலைகீழ். மோட்டார் தலை முன்னால் வரும், பின் பைப் எழும்பும். முன்னோக்கி ஓட்டிப் பார்த்து ஸ்டாண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கரை வந்ததும் ரிவர்ஸ் போட்டு ஸ்டாண்டையே மடியில் வாங்கியவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். ஆகவே இரண்டு குறுக்குப் பைப்புக்கும் கட்டு வேண்டும்.

கரையில் கட்டும்போது கல் மாதிரி இருந்தது, தண்ணீரில் பத்து நிமிஷத்தில் தளர்ந்துவிட்டது

இதில்தான் நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். காலையில் பதினொரு மணிக்குக் கரையில் படகை விரித்து, காற்றடித்து, ஸ்டாண்டை வைத்து, பெல்ட்டை இழுத்துக் கட்டுவேன். தட்டினால் டங்கென்று சத்தம் வரும். தண்ணீரில் தள்ளிக் கொஞ்ச தூரம் போனதும் ஸ்டாண்டு இடமும் வலமும் நகரும். பெல்ட்டைப் பிடித்தால் இரண்டு விரல் உள்ளே போகும். பெல்ட் நழுவுகிறது என்று பெல்ட்டை மாற்றினேன். பக்கிள் சரியில்லை என்று பக்கிளை மாற்றினேன். வால்வில் சோப்பு நுரை பூசிக் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

காற்று எங்கும் போகவில்லை. சூடு தணிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிப் படகுகளில் ட்யூப் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு. லாரி டயரில் நூறு சொச்சம் அடிப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒரு பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள எச்சம். வெளிக்காற்று நம்மூர் உயரத்தில் கிட்டத்தட்ட 14 பிஎஸ்ஐ. ட்யூபுக்குள் மொத்தம் 15. கரை வெயிலில் ட்யூப் காற்று 40 டிகிரி என்று வையுங்கள். சித்திரை மாதம் என்றால் அதைவிடக் கூட. ஏரித் தண்ணீர் 27 டிகிரி. 13 டிகிரி இறங்கினால் மொத்த அழுத்தம் நாலு சதவீதம் போல இறங்கும். 15-இல் நாலு சதவீதம் 0.6. எச்சமாக இருந்ததே ஒன்றுதான், அதில் 0.6 போய்விட்டால் கையில் 0.4. ட்யூபும் கொஞ்சம் சுருங்கிக் கொடுப்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாக இறங்காது; ஆனாலும் பாதி போனது போலத்தான். உங்கள் ஸ்டாண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பாதியின் மேல்.

செய்ய வேண்டியது எளிது. கரையில் முக்கால் காற்று மட்டும் அடியுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, ட்யூபின் மேலே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் ஒயர் வேலையைப் பார்க்கலாம், அல்லது மாமா கொண்டு வந்த ஃபிளாஸ்கில் டீ குடிக்கலாம். பிறகு மீதிக் காற்றை அடியுங்கள். கட்டை விரலால் பலமாக அமுக்கினால் அரை அங்குலம் மட்டும் பள்ளம் விழுந்து, விரலை எடுத்ததும் உடனே மேலே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பெல்ட்டை இறுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம்: முதலில் குளிர்ச்சி, அடுத்து காற்று, கடைசியில் கட்டு.

திரும்பி வந்ததும் இதற்கு நேர் எதிரான ஆபத்து இருக்கிறது. தண்ணீரில் சரியாக அடித்த படகை அப்படியே இழுத்து வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். போன அழுத்தமெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். பெல்ட் கட்டியிருக்கும் இடத்தில் ட்யூப் விரிய வழியில்லாமல், பக்கத்துத் தையலைப் பிடித்து இழுக்கும். கரையேறியதும் முதல் வேலையாக வால்வைத் திறந்து இரண்டு மூச்சுக் காற்றை வெளியே விடுங்கள்.

டி-வளையம் ஒட்டோடு பிய்த்துக்கொண்டு வருகிறது

படகின் மேல் ஒட்டியே வரும் இந்த டி வடிவ வளையங்கள் கயிறு கட்டி இழுக்கத்தான், ஸ்டாண்டைத் தாங்க அல்ல. நாமாக வாங்கி ஒட்டினாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒட்டிய பட்டையைப் பக்கவாட்டில் இழுத்தால் அசையாது. ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும். நம் ஸ்டாண்டின் முன் பைப் செய்வது இரண்டாவது வேலை. பைப்புக்கு நேர் கீழே வளையத்தை ஒட்டிச் செங்குத்தாகக் கட்டினால் எந்தப் பசையும் நிற்காது.

நான் இப்போது வளையத்தை நம்புவதில்லை. பெல்ட்டைப் படகின் அடிவயிற்றைச் சுற்றிக் கொண்டுபோய், இடப்பக்கப் பைப் முனையிலிருந்து வலப்பக்கப் பைப் முனைக்குக் கட்டுகிறேன், மாட்டுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுவது போல. ஒவ்வொரு குறுக்குப் பைப்புக்கும் ஒன்று. வளையங்கள் அந்தப் பெல்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும். இழுவை முழுவதும் படகின் அடியில் பரவிவிடும்.

என்ன பெல்ட்? கிருஷ்ணகிரியில் லாரி சாமான் கடையில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் கிடைக்கும். பெல்ட் அருமையான பெல்ட், ராட்செட்தான் எமன். நாலு தடவை கிளிக் கிளிக் என்று முறுக்கினால் ட்யூபை இடுப்பு ஒடித்துவிடும். ஒரு கையால் இழுத்துப் பூட்டும் சாதாரண கேம் பக்கிள் போதும். நம் கை பலத்துக்கு மேல் அது இறுகாது. அதுதான் அதன் நல்ல குணம்.

பசை பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் ஒட்டாது. அது ரப்பருக்கானது. ஒட்டின மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டதும் விரலோடு வந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சால்வென்ட் சிமென்ட் ஒட்டும், ஆனால் காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகி, படகை மடிக்கும்போது விரிசல் விடும். இரண்டு பாட்டிலாக வரும் பிவிசி படகுப் பசைதான் சரி. அசிட்டோனில் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காய விட்டு, இன்னொரு பூச்சு பூசி, தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது சேர்த்து, கரண்டியின் முதுகால் நன்றாகத் தேய்த்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். மழை நாளில் இந்த வேலை வேண்டாம்.

பின்பக்கம் அமிழ்கிறது, முன்மூக்கு வானத்தைப் பார்க்கிறது

என் முதல் ஸ்டாண்டு ஒரு அங்குல ஜிஐ பைப், நீலக்கோடு போட்ட மீடியம் ரகம். மீட்டருக்கு 2.4 கிலோ. நாலு மீட்டர் போட்டோம். ஒன்பதரை கிலோ. மோட்டாரைவிட ஸ்டாண்டு கனம்! பட்டறை அண்ணனுக்கு அது பெருமை. "யானையே ஏறி நின்னாலும் ஒடியாது" என்றார். ஒடியாததுதான் பிரச்சினை. அதோடு மோட்டார், அதன் பக்கத்தில் ஓட்டுகிற ஆள் எழுபது கிலோ, காலடியில் பேட்டரி. எல்லாம் பின்னால்.

அந்தப் பேட்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நண்பன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தான். 150 ஏஎச் ட்யூபுலர், ஐம்பது கிலோவுக்கு மேல். இரண்டு பேர் தூக்கித் தண்ணீரில் வைத்ததும் பின் ட்யூபின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே நின்றது. வீட்டில் கரண்ட் போன நேரம் பார்த்து அவன் அம்மாவிடமிருந்து போனும் வந்தது.

இரண்டாவது ஸ்டாண்டை ஒன்றரை அங்குல அலுமினியச் சதுர பைப்பில் செய்தேன், இரண்டு எம்எம் தடிமன். இடைவெளியைக் கூட்டியதால் நீளம் நாலரை மீட்டர் ஆனது, கனம் மூன்றரை கிலோதான். பார்ட்டிஷன் வேலை செய்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். அலுமினியத்தைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது, ஆர்கன் வாயு வெல்டிங் வேண்டும். ஓசூர் பக்கம் செய்து தருவார்கள். நான் வெல்டிங்கே வைக்கவில்லை. மூட்டுக்கு மூட்டு எட்டு எம்எம் ஸ்டீல் போல்ட், உள்ளே பைப் நசுங்காமல் மரக்கட்டை, வெளியே அதிர்விலும் கழலாத நைலாக் நட். கழற்றி ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம்.

பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மோட்டாருக்கு எதிர்முனையில் பேட்டரி, நடுவிலும் பின்னாலும் ஆட்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெட்டியையும் கட்டுங்கள். ஆசிட் சிந்தினால் படகுக்கும் கேடு, காலுக்கும் கேடு. முன்னால் தள்ளியதும் ஒயர் நீளும். அங்கேதான் அடுத்த கோளாறு பிறக்கும்.

மோட்டாருக்குத் தெம்பே இல்லை, ஒயர் சுடுகிறது

இது ஸ்டாண்டின் குற்றம் இல்லை, ஆனால் ஸ்டாண்டு மேல்தான் பழி விழும். முழு வேகத்தில் இந்த மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும். வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர எம்எம் ஒயரை மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டர். வழியிலேயே இரண்டு வோல்ட் காணாமல் போகும். 12-இல் இரண்டு! 10 சதுர எம்எம் போட்டால் 0.3 வோல்ட்தான் போகும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள், மோட்டாரோடு வந்த தாளில் சொன்ன அளவில். மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

விசிறி உறுமுகிறது, தண்ணீர் நுரைக்கிறது, படகு நகரவில்லை

விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. விசிறி இதழின் மேல் நுனி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். மோட்டாரின் நெட்டுத் தண்டை இறக்கிப் பாருங்கள். தண்டு இறங்கும் மட்டும் இறங்கியும் போதவில்லை என்றால் பலகையின் மேல் விளிம்பு உயரமாக இருக்கிறது. பலகையை இறக்கி மாட்ட வேண்டும். ஒரே ஆளாக ஓட்டும்போது வராமல், இன்னொருவர் முன்னால் ஏறியதும் வருகிறது என்றால் பின்பக்கம் தூக்கிக்கொண்டது என்று அர்த்தம். பேட்டரியை ஒரு அடி பின்னால் இழுத்தால் தீரும்.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் மிதக்கும் நுரையைப் பார்த்துவிட்டு இதே சந்தேகத்தை ஒருவர் கேட்டார். அது விசிறி கிளப்பிய நுரை இல்லை, ஆற்றில் கலந்து வரும் கழிவின் நுரை. அந்தத் தண்ணீரில் படகையே இறக்க வேண்டாம்.

கைப்பிடியை நேராகப் பிடித்தாலும் படகு ஒரு பக்கமே போகிறது

முதலில் ஒரு டேப் எடுத்து, மோட்டார் தண்டுக்கும் இரண்டு பக்க ட்யூபுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் பரவாயில்லை; நாலு அங்குலம் தள்ளியிருந்தால் கண்டிப்பாக இழுக்கும். அளவு சரியாக இருந்தால் ஸ்டாண்டு முழுவதுமே கோணலாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட்டை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுத்தால் இப்படி ஆகும். ஒரு பக்க ட்யூபில் காற்று குறைந்தாலும் ஆகும். பெல்ட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு ட்யூபையும் கட்டை விரலால் அமுக்கி ஒப்பிடுங்கள்.

இழுக்காமல் வாத்து நடை போல இடமும் வலமும் அசைந்து அசைந்து போனால் அது கோளாறே இல்லை, தட்டை அடி கொண்ட படகின் சுபாவம். தண்ணீரைக் கீறிப் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லாததால் அப்படித்தான் போகும். மூக்கில் கனம் வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் பென்னாகரத்து நண்பர் ஒருவர், "பரிசலுக்கு இத மாட்டலாமாங்ணா?" என்று கேட்பார். மாட்டலாம், ராட்டினம் பார்க்க ஆசை இருந்தால். மூங்கிலைப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிச் செய்கிற பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஓரத்தில் தள்ளினால் நின்ற இடத்தில் சுற்றும். பரிசல்காரர் துடுப்பை முன்னால் போட்டு இழுப்பது சும்மா இல்லை. அதோடு, ஒகேனக்கல் ஓட்டத்தில் இந்தக் காற்றுப் படகையும் 30 பவுண்டு மோட்டாரையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். நீர்வரத்து கூடினால் அங்கே பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி கேஆர்பி அணை, பாரூர் ஏரி மாதிரி இடங்களிலும் நீர்வளத்துறையையும் மீன்வளத்துறையையும் கேட்காமல் இறங்க முடியாது. குத்தகை ஏரியில் குத்தகைக்காரர் கூடவே இருந்ததால்தான் என் சோதனை எல்லாம் நடந்தது. அப்போதும் லைஃப் ஜாக்கெட் போடாமல் மாமா விடவில்லை. துடுப்பும் படகிலேயே கிடக்கும்.

பலகை உப்புகிறது, கிளாம்ப் தினமும் தளர்கிறது

சாதாரண ப்ளைவுட். மூன்று வாரத்தில் ஓரம் பூத்து, புத்தகப் பக்கம் மாதிரி பிரிந்துவிடும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை கேளுங்கள். 18 எம்எம் பலகை இரண்டை ஒட்டினால் 36 எம்எம். உங்கள் கிளாம்ப் எவ்வளவு திறக்கும் என்று அளந்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு அளந்து பயனில்லை. அறுத்த ஓரம்தான் தண்ணீர் குடிக்கும். அங்கேயும் போல்ட் துளைகளுக்குள்ளும் எபாக்சி பூசுங்கள். துளைக்குள் பூச மறந்தவர்களின் பலகை உள்ளிருந்து அழுகும்.

கிளாம்பின் வட்டத் தலை மரத்தை அமுக்கி அமுக்கிப் பள்ளம் செய்யும். பள்ளம் ஆழமாக ஆழமாக கிளாம்ப் தளரும். இரண்டு பக்கமும் மூன்று எம்எம் அலுமினியத் தகடு ஒன்றைத் திருகிவிட்டால் முடிந்தது. அத்தோடு மோட்டார் தண்டிலிருந்து படகு வளையத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். கிளாம்ப் ஒரு நாள் விட்டுவிட்டால், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டு வாங்கியது குரவை மீனோடு குடித்தனம் பண்ணும்.

ட்யூபில் கறுப்புக் கோடு விழுகிறது

பைப் உரசுகிறது. கோடாக இருக்கும்போதே கவனியுங்கள், அடுத்தது ஓட்டை. பைப் படியும் இடத்தில் பழைய யோகா பாய்த் துண்டைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். போல்ட் தலை கீழ்ப்பக்கம் வராமல் மேலே திருப்பிப் போடுங்கள். பலகையின் கீழ் மூலைகளை அரத்தால் வட்டமாக்குங்கள். முழு வேகத்தில் அந்த மூலைதான் பின் ட்யூபில் போய் முட்டும். பைப் முனைகளுக்கு நாற்காலிக் கால் ரப்பர் மூடி.

மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, விசிறி சுற்றவில்லை

ஏரியின் தெற்கு ஓரம் முழுக்க ஆகாயத்தாமரை. வேர் விசிறியில் சுற்றினால் முதலில் மோட்டார் முனகும், ஸ்டாண்டு ஒரு உதறு உதறும். அந்த உதறலிலேயே ஸ்விட்சை அணைத்திருக்க வேண்டும். நான் வேகத்தைக் கூட்டினேன். ஒரு சின்ன 'டிக்'. அதற்குப் பிறகு மோட்டார் கவலையே இல்லாமல் ரீங்காரமிட்டது, படகு அப்படியே நின்றது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால், விசிறி காற்றாடி மாதிரி விரல் தொட்டாலே சுற்றும். விசிறிக்குப் பின்னால், விசிறி மாட்டியிருக்கும் சுழல் தண்டில் குறுக்கே ஒரு சின்ன பின் இருக்கும். தண்டின் சுற்றலை விசிறிக்குக் கடத்துவது அதுதான். பாறையிலோ வேரிலோ மாட்டினால் மோட்டாருக்குப் பதில் அது உயிரை விடும். நட்டைக் கழற்றி, விசிறியை உருவி, உடைந்த பின்னைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செருகி, நட்டை முறுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. பின் இருந்தால்.

அன்று என்னிடம் இல்லை. கரையில் நின்ற மாமா, "என்னடா, மோட்டார் ஓடுது, படகு நிக்குது?" என்று கத்தினார். துடுப்பை எடுத்தேன். இப்போது இரண்டு பின்னும் ஒரு நட்டும் பலகையின் பின்பக்கத்தில் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிக் கிடக்கின்றன. ஸ்பேனர் தனியாக, ஸ்டாண்டோடு கயிற்றில் கட்டி.